கிண்ணத்தின் அடியில் மூன்று பெயர்கள்

மரியபுஷ்பம் இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லாம், சோறு வெந்துவிட்டதா என்று பதம் பார்ப்பது மாதிரி என் முகத்தையே பார்த்தார்கள். "அழுதுருங்க ஏசுராஜு, இல்லாட்டி நெஞ்சடைச்சுக்கும்" என்றார் ஒருவர். அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திறந்தவுடன் வர? சாப்பிட்டேன், தூங்கினேன். ரிட்டயர் ஆனதிலிருந்து செய்கிற மாதிரியே தினமும் காலையில் ஒண்டிக்கடைக்குப் போய் டீ குடித்து, பேப்பர் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மகள் ஸ்டெஃபி ஓசூரிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். இனி நான் அவளோடு இருக்க வேண்டுமாம். சரி என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பை நிறையப் பல்பொடி டப்பாக்களை எடுத்து வந்தாள். பதின்மூன்று காலி, ஒன்றில் பாதி இருந்தது.

"ஏம்ப்பா, பல்பொடியிலயா பல்லு வெளக்குறீங்க?"

"இல்லையே."

"அம்மாவும் பேஸ்ட்டுதானே?"

"ஆமா."

காலி டப்பாக்கள் குப்பைக்குப் போயின. பாதி டப்பாவை ஜன்னலில் வைத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் சாமான் என்று அந்த வீட்டில் இருந்தது ஒரு அலமாரி நிறையக் கண்ணாடிப் பாத்திரங்கள்தான். மலையில் கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காலத்தில், பங்களாக்காரர்கள் விற்றுவிட்டுப் போகும்போது ஏலத்தில் எடுத்தவை. மற்றவர்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடித்துக்கொள்வார்கள். நான் கண்ணாடிச் சாமான்களைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஃபேக்டரியில் அச்சில் வார்த்ததில் எனக்கு ஆசை இல்லை. ஒரே ஆள் உலை வைத்து, தானே ஊதி, தானே வளைத்து, அடியில் ஊசியால் தன் கையெழுத்தைக் கீறியிருப்பானே, அதுதான் வேண்டும்.

கையெழுத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நேற்றுக்கூட எவனாவது கீறியிருப்பான். மேசையில் வைத்து எடுத்துப் புழங்கிய மெல்லிய கோடுகள் கையெழுத்தின் மேலேயும் ஓடியிருக்க வேண்டும். கையெழுத்து மங்கியிருந்தால் வாயைக் கிட்டே வைத்து ஊத வேண்டும். ஆவி படியும்போது எழுத்து எழும்பி வரும்.

இருந்ததிலேயே நல்லது ஒரு நீலக் கிண்ணம். 1974-இல் ஒரு டென்மார்க்காரர் செய்தது. அவர் பெயரைப் படிக்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது. வினை அதில்தான் வந்தது. ஆறு வருஷம் முன்னால், எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு, மரியபுஷ்பம் அதைப் பழைய சேலையில் சுற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோய், பாத்திரக்கடையில் பேர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் கரண்டிக்குக்கூடப் பேர் உண்டு. திருவிழாவுக்கு இரவல் போகிற அண்டா திரும்பி வர வேண்டாமா? டென்மார்க்காரரின் கையெழுத்துக்குக் கீழே, குண்டு குண்டாக, 'ஏசுராஜ் - மரியபுஷ்பம்'.

"ஏனுங்க, எவனோ அவம் பேரைக் கிறுக்கி வெச்சிருக்கானுங்க. நாளைக்கு வந்து என்ரதுன்னு சொல்லுவான். இப்ப நம்ம ஊட்டுதுன்னு எழுத்துல இருக்குதல்லங்க?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. பட்டிக்காட்டுச் சனியன் என்றேன். இனி என் பொருள் எதையும் தொடாதே என்றேன். கிண்ணத்தைப் பேப்பரில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் தள்ளினேன். அதற்குப் பிறகு அவள் அந்த அலமாரியைத் துடைக்கக்கூட இல்லை. பேசிக்கொண்டுதான் இருந்தோம், சாப்பாடு, மாத்திரை, கரண்டு பில் என்று. அந்தச் சொல்லை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும், சொன்னது தப்புதான் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். இப்போது எனக்கு வேண்டியதெல்லாம், ஓசூருக்குக் கிளம்பும் முன் அந்தக் கிண்ணம் என் கண்ணைவிட்டுத் தொலைவதுதான்.

அலமாரியில் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளச் சேலத்திலிருந்து மேகலா வந்தாள். என்னைப் போலவே கண்ணாடிப் பைத்தியம், வயது மட்டும் பாதி. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "இந்த ரெண்டும் பொறகால போட்ட கையெழுத்துங்க சார்" என்று ஒதுக்கினாள். அதில் ஒன்றை இருபது வருஷமாகப் பெருமையாகக் காட்டிவந்தேன். வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். சரிம்மா என்றேன்.

கடைசியாக அடித்தட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். "கையெழுத்து நெசந்தான். ஆனா கெட்டுப்போச்சு. என்ன வேணா பண்ணிக்கம்மா."

அவள் பிரித்த பேப்பரில் போன வருஷத் தேதி இருந்தது. நான் சுற்றி வைத்து ஆறு வருஷம் ஆகிறது.

மேகலா வெகுநேரம் பார்த்தாள். "சார், இதை யாரோ தேய்ச்சிருக்காங்க."

"புழங்கின கோடா இருக்கும்."

"இல்லீங்க. அது எல்லாப் பக்கமும் ஓடும். இது ஒரே எடத்துல, சுத்திச் சுத்தி, ஒரு வெரல் அகலந்தான். நொம்ப வருசமா கையால தேய்ச்சிருக்கோணும். மேல இருக்கற கையெழுத்துல ஒரு கோடு உழுகலை பாருங்க. கீழ வெட்டுன பேரை மட்டுந்தான்." பூதக்கண்ணாடியை இன்னும் தாழ்த்தினாள். "எழுத்துக் குழியில செவப்பா என்னமோ பொடி அடைச்சிருக்குதுங்க."

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஸ்டெஃபியும் அந்த டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒண்டிக்கடைக்குப் போய்த் திரும்ப எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். தொடாதே என்று நான் சொன்ன பொருளை அந்த நேரத்தில் எடுத்து, மடியில் கவிழ்த்து, பல்பொடி தொட்டுத் தேய்த்திருக்கிறாள். நான் வருவதற்குள் துடைத்துச் சுற்றி வைத்திருக்கிறாள். என் கிண்ணத்தை எனக்குப் பழையபடி கொடுக்கப் பார்த்திருக்கிறாள்.

"எந்தப் பேரும்மா போயிருக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே பயமாக இருந்தது.

"ஏசுராஜ்ங்கறது நல்லாவே தெரியுதுங்க. கடைசி எழுத்து மட்டும் லேசா தேஞ்சிருக்குது. அதுக்கு அடுத்தாப்ல இன்னொரு பேரு இருந்திருக்கோணும். அது போயிருச்சுங்க."

தன் பெயரிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

"மிச்சம் கொஞ்சந்தானுங்க சார். மிஷின்ல வெச்சா அஞ்சு நிமிசத்துல சுத்தமா..."

"வேண்டாம்" என்றேன். நாற்பத்து மூன்று நாளில் நான் சொன்ன முதல் வேண்டாம் அது. கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மற்றதையெல்லாம் மேகலா அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். ஸ்டெஃபி வழியனுப்ப ஜீப் வரை போனாள். நான் கிண்ணத்தை மடியில் கவிழ்த்து, வாயைக் கிட்டே கொண்டுபோய் ஊதினேன். ஆவி படிந்தது. என் பெயருக்குப் பக்கத்தில், மங்கலாக, குண்டு குண்டாக, மரியபுஷ்பம் என்று எழும்பி வந்தது. நாலு எண்ணுவதற்குள் போய்விட்டது.

மறுபடி ஊதினேன். "தொட்டுக்க புஷ்பம்" என்றேன். "எல்லாத்தையும் தொட்டுக்க."

அவள் பெயர் மறுபடி மறைந்தது. அழுதால் ஊத முடியாது. ஊதிக்கொண்டே இருந்தேன்.