குருவம்மாளுக்குப் பிடித்த தோசை

சங்கிலிமுத்து அச்சங்குளம் பட்டாசு ஆபீசில் வெடிமருந்து கலக்குகிறவன். இருபத்தெட்டு வருசமாக அவன் கலந்த மருந்தில் ஒரு புஸ்வாணம் சொதப்பியதில்லை என்று போர்மேனே சொல்வார். ஆனால் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பது மனுசனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியத்தை மனைவி குருவம்மாள் அவனுக்கு வைத்ததில்லை. அவளும் அதே ஆபீசில் பட்டாசுக்குத் திரி வைக்கப் போகிறவள்தான். ஆனாலும் விடியுமுன் எழுந்து சமைத்து, இரண்டு தூக்குச்சட்டிகளையும் நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவாள்.

இப்போது அவள் படுத்துவிட்டாள். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் உடம்பில் ரத்த அளவு ஏழுதான் இருக்கிறது, பத்துக்கு ஏறாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டரம்மா. மூன்று வாரம் கெடு. மாத்திரையைவிடச் சாப்பாடு முக்கியம் என்று நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கேப்பை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் என்று அந்தம்மா அடுக்கிக்கொண்டே போக, இவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

குருவம்மாளுக்கோ எதுவும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஈரல் வறுத்துக் கொண்டுவந்தாள். வாடை ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சி இரண்டு மடக்கு. இட்லியில் கால்வாசி. ஒரு வாரம் இப்படியே போய்விட்டது. ஒட்டிப்போன அந்தக் கன்னத்தைச் சங்கிலிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பாண்டிச்செல்வி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். சத்தான பேன்கேக்காம். வாழைப்பழம், முட்டை, ஓட்ஸ். பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டான்.

"என்னத்தா இது? நம்ம இனிப்புத் தோசையத்தான ஊத்துறான்?"

"அதேதான்ப்பா. சின்னப் புள்ளைல பிடிச்சதக் குடுத்தா, வாய் கசக்குறவுக கூடச் சாப்பிடுவாகளாம். அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு மாமாட்ட கேளுங்களேன்."

மாமா என்றால் குருவம்மாளின் அண்ணன் ஊர்க்காவலன். மல்லாங்கிணற்றில் இருக்கிறார். கேட்டவுடனே பதில் வந்தது.

"கருப்பட்டித் தோசை மாப்ள! எங்க ஆத்தா தினமும் விடியக் கருக்கல்ல அவளுக்கு மட்டும் சுட்டுக் குடுக்கும். நான் எந்திரிச்சுப் பாத்தா வாசம்தான் இருக்கும். எனக்குப் பழைய கஞ்சி. அம்புட்டுச் செல்லம் அவ!"

நாற்பது வருசம் ஆகியும் அந்தத் தோசை கிடைக்காத ஆற்றாமை அவர் குரலில் போகவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, இருட்டுப் பிரியுமுன் சங்கிலிமுத்து அடுப்படிக்குள் நுழைந்தான். கருப்பட்டியை உடைத்துக் காய்ச்சித் துணியில் வடிகட்டினான். கோதுமை மாவோடு கேப்பை மாவும் சேர்த்து, பழக்கதோசத்தில் மூன்று தடவை சலித்தான். சலிப்பதிலும் கட்டியில்லாமல் கலப்பதிலும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான், எடுத்த தீக்குச்சியை உரசாமலே இரண்டு தடவை கீழே வைத்தான். சட்டைப்பையில் தீப்பெட்டி இல்லை என்று தடவிப் பார்த்த பிறகே உள்ளே விடுகிற இடத்தில் காலத்தைக் கழித்தவன், வேறென்ன செய்வான்? முதல் தோசை கல்லைவிட்டு வரவில்லை. இரண்டாவது கரி. மூன்றாவது, நல்லெண்ணெய் புண்ணியத்தில், ஓரம் முறுகி முழுசாக வந்தது. அதற்குப் பிறகு கை பிடிபட்டுவிட்டது.

தட்டோடு போய்க் கட்டிலருகே உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டான்.

"ஏ புள்ள, எந்திரி. கருப்பட்டித் தோசை."

குருவம்மாள் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்கவில்லை, அதற்குள் கை தலைமுடியை அள்ளி முடிந்தது, கால் தரைக்கு இறங்கியது.

"வண்டி வந்துருச்சா?"

"எந்த வண்டி?"

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

"தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. ஏழு வயசுல இருந்து போனேன்ல. நாலு மணிக்கே வந்து ஆரன் அடிப்பான். எந்திரிக்க மாட்டேன்னு உருளுவேன். ஆத்தா இதச் சுட்டு மூக்குக்கிட்ட காட்டும். வாய்ல ஒண்ணு, கைல ஒண்ணக் குடுத்து, தூக்கி வண்டில போட்டுரும். தின்னுக்கிட்டே தூங்கிருவேன். முழிச்சா குச்சி அடுக்கணும்."

"ஒங்க அண்ணன், நீதான் செல்லம்னு சொன்னாக…"

"அது தூங்கிக்கிட்டு இருக்கும். அதுக்குப் பள்ளிக்கூடம். அதுக்கு என்ன தெரியும்?" கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஆத்தாவையும் குத்தம் சொல்ல முடியாது. அந்தத் தோசையில ஆத்தா ஒரு வாய் தின்னு நான் பாத்ததில்ல."

சங்கிலிமுத்துவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒரு பச்சைப்பிள்ளையைத் தூக்கத்திலிருந்து பிடுங்கிய தோசையை அல்லவா தேடிப் பிடித்துச் சுட்டு வந்திருக்கிறோம். தட்டை எடுக்கப் போனான்.

"வையிங்க," என்றாள். "வாசம் எப்பவுமே நல்லாத்தான் இருக்கும்."

ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். "கேப்பை போட்டீகளா?"

"போட்டேன். ரத்தம் ஊறும்னாக."

மென்றாள். விழுங்கினாள். இன்னொரு துண்டு. முதல் தோசை முடிந்தது. இரண்டாவதில் கை வைத்தாள். சங்கிலிமுத்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் ஜன்னல் பக்கம் திரும்பியவள், வெளிச்சம் வந்ததைக் கண்டு பதறிப்போனாள்.

"விடிஞ்சிருச்சே. எனக்கு இப்பத் தெம்பாத்தான் இருக்கு, எந்திரிச்சு ஒரு ஒல வைக்கேன்."

அவன் அவளை உட்காரவைத்தான்.

"தின்னுட்டுப் படு. வண்டியத் திருப்பி அனுப்பிட்டேன். நீ தூங்கு."

குருவம்மாள் அவனையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, அது முடிவதற்குள் உதடு கோணி, வாயில் தோசையோடு ஏழு வயசுப் பிள்ளையாக அழுதாள். அவன் உள்ளே போய் இன்னும் ஒரு தோசையை எடுத்து வந்தான். அதையும் சாப்பிட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி கீரையும் கையுமாக வந்து, குருவு, குருவு என்று குரல் கொடுத்தாள். சங்கிலிமுத்து வாசலுக்கு ஓடிவந்து வழிமறித்தான்.

"மெதுவாப் பேசுங்க மதினி. அவ தூங்குறா."