நாலு செவ்வாய்க்கிழமை

டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது ஜெயகௌரி வாயை இறுக மூடிக்கொண்டாள். சற்று முன்புவரை திறந்துதான் வைத்திருந்தாள். டொக்டர் குனிந்து பார்த்து, மெல்லிய கம்பியால் வலதுபக்கக் கடைவாய்ப் பல்லைத் தட்டி, "இதையும் எடுக்கவேண்டியதுதான்" என்று தாதியிடம் சொன்னாள். தாதி ஊசியை எடுத்து நீட்டினாள். அப்போதுதான் மூடினாள்.

"என்னம்மா, பயமோ?"

"பயமில்லை டொக்டர். இது எனக்கு ஆறாவது பல்லு. எடுத்தால் இந்தப் பக்கம் சப்பிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. இதை வைச்சிருக்க ஏலாதோ?"

டொக்டரின் சட்டையில் பிரசாந்தி என்று பெயர் குத்தியிருந்தது. முப்பது வயதுகூட இராது. காலையிலிருந்து நாற்பது வாய்களைப் பார்த்த களைப்பு கண்ணில் தெரிந்தது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"ஏலும். நரம்பை எடுத்து, உள்ளுக்கை சுத்தமாக்கி, பேந்து அடைக்கவேணும். அதுக்கு நாலு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வரவேணும். இடையிலை விட்டால் இன்னும் மோசமாகும். தோட்டத்திலை வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும், புடுங்கிவிடுங்கோ, நாளைக்கு வேலை கிடக்கு எண்டுதான் சொல்லுவினம். கேட்டுக் கேட்டு நானும் கேக்கிறதை விட்டிட்டன்."

"நான் நாலு முறையும் வருவன். வந்தால் எனக்கு இன்னொரு உதவி செய்யவேணும். என்னோடை வேலை செய்யிற பொம்பிளையள் ஐஞ்சு பேர் இருக்கினம். அவையின்ரை பல்லையும் இப்பிடி வைச்சுப் பாக்கவேணும். எல்லாருக்கும் ஒரே நாளிலை நம்பர் தாங்கோ."

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. "முதல்லை நீங்கள் நாலு முறையும் வாங்கோ. பேந்து பாப்பம்."

அளவெட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து ஜெயகௌரி நாக்கால் மிச்சப் பற்களைத் தடவிக்கொண்டு வந்தாள். முதலாவது பல் பத்தொன்பது வயதில், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் போனது. மாதத்துக்கு ஒருமுறை டொக்டர்மார் வருவார்கள். பள்ளிக்கூடத்து வாங்கில் வரிசையாக இருத்தி, வலியில் கொதிக்கிற பல்லைக் காட்டச் சொல்லி, காட்டியதைப் பிடுங்குவார்கள். பற்பொடி கிடைக்காத நாட்களில் எல்லோரும் கரியால் விளக்கினார்கள். அதற்குப் பிறகு போன நாலும் ஒரே மாதிரித்தான் போயின. பல் கொதிக்கத் தொடங்கினால் கராம்பை வைத்துக் கடித்துக்கொள்வாள். அது கேட்காவிட்டால் பனடோல். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் அவள் நின்ற பாத்தியில் வேறொருத்தி நிற்பாள் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டு, கன்னம் வீங்கிய பிறகுதான் போவாள். அந்த நேரத்தில் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

வயது போகப் பல் போவது இயல்பு என்றே அவள் நினைத்திருந்தாள், சித்திரை வருடப்பிறப்பு வரைக்கும். அன்று அவள் வேலை செய்யும் தோட்டத்தின் சொந்தக்காரர் தியாகராசா வீட்டில் பலகாரம் கொடுத்தார்கள். அவருடைய மனைவி மீனாம்பிகை குசினி வாசலில் நின்று, முறுக்கொன்றைப் பல்லிடுக்கில் வைத்து நறுக்கென்று உடைத்தாள். ஜெயகௌரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மீனாம்பிகைக்கும் அவளுக்கும் ஒரே வயது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். தன் கையில் இருந்த முறுக்கைத் தேத்தண்ணியில் நனைத்தபோது அவளுக்குப் பொறாமை வரவில்லை. அப்படியானால் இது வயதின் வேலை இல்லை என்று மட்டும் தெளிவாக விளங்கியது. அன்றிலிருந்து அந்த விளக்கம் அவளுக்குள் சும்மா இருக்கவில்லை.

பஸ்ஸால் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போனாள். தியாகராசா கிணற்றடியில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. சொன்ன கூலியைச் சொன்ன நேரத்துக்குக் கொடுப்பவர்.

"ஐயா, இனி நாலு செவ்வாய்க்கிழமை எனக்கு வேலைக்கு வர ஏலாது. பல்லு அடைக்கப் போறன்."

"பல்லுத்தானே கௌரி, புடுங்கிப்போட்டு அலுவலை முடியன். வெங்காயம் கிண்டுற நேரத்திலை உனக்கு உதுதானே இப்ப முக்கியம்?"

"உங்கடை வீட்டுக்காரம்மாவுக்குப் பல்லுக் கொதிச்சால் யாழ்ப்பாணத்துக்குக் காரிலை கூட்டிக்கொண்டு போறியள் ஐயா. புடுங்கிப்போட்டு வா எண்டு சொல்லுறேல்லைத்தானே."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெங்காயப் பாத்திகளைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. அந்தத் தோட்டத்து வெங்காயத்தை அவர்கள் ஆறு பேரும் மண்ணிலிருந்து கிண்டும் வேகத்தில் கிண்ட வேறு ஆட்கள் இல்லையென்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான் வராத செவ்வாய்க்குப் பதிலா ஞாயிறு வாறம், ஆறு பேரும்," என்றாள். "இன்னொண்டு. பத்து மணிக்குச் சீனித் தேத்தண்ணியும் விசுக்கோத்தும், பேந்து ரெண்டு மணிக்குத்தான் சோறு. அதுவரைக்கும் சீனியிலைதான் நிக்கிறம். பதினொண்டுக்குச் சாப்பிட விட்டியள் எண்டால் தேத்தண்ணியைக் குறைச்சுக்கொள்ளுவம்."

"டொக்டர் சொன்னவவோ?"

"நான் சொல்லுறன்."

அடுத்த நாள் பதினொரு மணிக்குத் தியாகராசா தண்ணீர் மோட்டரை நிறுத்திவிட்டு, "சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மரியநாயகிதான் ஞாயிற்றுக்கிழமை பற்றி முணுமுணுத்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, ஆறு பேரிலும் மூத்தவள், பூசை தவறவிட்டதில்லை. கடைசியில், சனி பின்னேரப் பூசைக்குப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். "ஆனால் என்னை அந்தக் கதிரையிலை ஏத்தலாம் எண்டு மட்டும் நினையாதை" என்றாள்.

முதல் இரண்டு செவ்வாயும் சிக்கலில்லாமல் கழிந்தன. மூன்றாவதற்கு முதல் நாள் பின்னேரம் தியாகராசா மோட்டார்சைக்கிளில் அவள் வீட்டுப் படலைக்கு வந்து நின்றார். ஐப்பசி பிறந்திருந்தது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கௌரி, நாளைக்கு மத்தியானம் மழை எண்டு சொல்லுறாங்கள். அரைவாசி வெங்காயம் இன்னும் மண்ணுக்குள்ளை கிடக்கு. மழை பட்டால் எல்லாம் அழுகும். பல்லை அடுத்த கிழமை பாக்கலாம்தானே."

அவர் கெஞ்சியதை அவள் அதற்கு முன்பு கேட்டதில்லை. அந்த வெங்காயத்தை நட்டதும் களை எடுத்ததும் அவளுடைய கைகள். அழுகட்டும் என்று விட அவளாலும் முடியாது. ஆனால் இந்த முறை போகாவிட்டால் டொக்டரின் கண்ணில் அவளும் இடையில் விட்டவர்களில் ஒருத்தி. மற்ற ஐந்து பேருக்கும் கதவு சாத்தப்பட்டுவிடும்.

"விடிய ஐஞ்சு மணிக்கு ஆறு பேரும் இறங்குறம்," என்றாள். "ஏழரைக்கு நான் போவன். பத்தரைக்கு வந்திடுவன். உங்கடை மோட்டார்சைக்கிளிலை ஆரையாவது என்னை ஏத்திக்கொண்டு போய்வர விடுங்கோ."

அவரே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றரை மணித்தியாலம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயகௌரி சேலைக் கரையில் மண்ணோடு கதிரையில் ஏறினாள். டொக்டர் அந்த மண்ணைப் பார்த்தாள். வேலையை விரைவாக முடித்தாள். பத்தேகாலுக்கு ஜெயகௌரி மீண்டும் பாத்திக்குள் நின்றாள். வலதுபக்கக் கன்னம் மரத்துக் கிடந்தது. "அந்தக் கடைசிப் பாத்திக்கு வாங்கோ" என்று கூப்பிட்டது ஒருவருக்கும் விளங்காத ஏதோ சத்தமாக வந்தது. மரியநாயகி சிரித்துச் சிரித்து வெங்காயக் கட்டின் மேலேயே இருந்துவிட்டாள். தியாகராசாவும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினார். ஒன்றரைக்கு மழை வந்தபோது மூன்று பாத்தி மட்டும் மிச்சம் இருந்தது. மூன்றும் நனைந்துதான் போயின.

நாலாவது செவ்வாய் பல்லை அடைத்து முடித்ததும் டொக்டர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். ஜெயகௌரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள். "மற்ற ஐஞ்சு பேரும் வெளியிலை நிக்கினம் டொக்டர்."

"இண்டைக்கேயோ?"

"நாலு முறையும் வந்தனான்தானே."

டொக்டர் முகமூடியைச் சரிசெய்துகொண்டு தாதியைப் பார்த்தாள். "மூண்டு பேரை இண்டைக்குப் பாப்பம். மற்ற ரெண்டு பேருக்கும் அடுத்த செவ்வாய்க்கு நம்பர் எழுதுங்கோ. ஆர் முதல்?"

வெளியே வாங்கில் இருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் எழும்பவில்லை. மரியநாயகி பையைப் பக்கத்தில் இருந்தவளின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ன பாக்கிறியள்? மூத்தவள்தானே முதல்லை போகவேணும்," என்றாள்.

கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. அந்த இடைவெளியால், வெளியே வந்து நின்ற ஜெயகௌரிக்குக் கதிரையின் கால்மாட்டுப் பக்கம் மட்டும் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய மரியநாயகியின் இரண்டு பாதங்கள், வெடித்த குதிகளோடு, பச்சைத் துணிக்கு மேலே நீட்டியிருந்தன. விளக்குப் போடும் சத்தம் கேட்டது. கால்விரல்கள் எல்லாம் விறைத்து உள்ளுக்கு மடங்கின. டொக்டர் என்னவோ மெதுவாகக் கேட்டாள். மரியநாயகி அதற்கு நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.