டாங்கி மூடியில் சந்தனப் பொட்டு

1929. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. மலாயாவில், செமோர் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய மைதானத்தில் சிவசுப்பிரமணியச் செட்டியாரின் இரட்டை இறக்கை விமானம் பொட்டும் பூவுமாகக் கல்யாணப் பெண்போல நின்றது. பறக்கச் சொல்லித்தரும் துரைக்கு மலேரியா. செட்டியாருக்கோ பொறுமை என்ற வியாதி என்றுமே வந்ததில்லை. மெக்கானிக் மாயாண்டியை முன்னிருக்கையில் ஏற்றி, பின்னிருக்கையில் தாமே உட்கார்ந்து கிளம்பிவிட்டார்.

படித்ததைச் சரியாகவே செய்தார். காற்றுக்கு எதிரே திருப்பினார். பெட்ரோல் தாராளமாகப் போகும்படி கலவை லீவரை முன்னால் வைத்து, வேக விசையை முழுக்கத் தள்ளினார். வால் எழுந்தது, வேகம் சேர்ந்ததும் பிடிகோலை மெல்ல இழுத்தார். விமானம் எழும்பியது.

இருநூறு அடியில் இன்ஜின் இருமியது. படார், படார் என்று வெடித்தது. கீழே ரப்பர் மரங்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை.

பெட்ரோல் மிகுந்து இன்ஜினுக்கு மூச்சுமுட்டுகிறது என்று நினைத்துச் செட்டியார் லீவரைப் பின்னால் இழுத்தார். இன்ஜின் பாதி செத்தது.

"லீவர தொடாதீங்க முதலாளி!" பேசுகுழாயில் மாயாண்டி அலறினான். "கரும்புகை வரல, வெடிதான் வருது. பெட்ரோல் பத்தல!"

"டாங்கி நெறைய இருக்குடா!"

அப்போதுதான் மாயாண்டிக்கு உறைத்தது. தலைக்கு மேலே, இறக்கையிலிருக்கும் டாங்கியின் மூடியில் ஓர் ஊசித்துளை உண்டு. அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். நேற்று அந்த மூடியையும் விடாமல் சந்தனம் அப்பியவன் அவனேதான். அது காய்ந்து சிமெண்ட் ஆகியிருந்தது.

வாரை அவிழ்த்து எழுந்தான். காற்று முகத்தில் குத்தியது. இடக்கையால் கம்பியைப் பிடித்து, ஸ்பேனரால் மூடியை அறைந்து திருகினான். மூடி பறந்தது. பெட்ரோல் கண்ணில் தெறித்தது.

"லீவர முன்னால தள்ளுங்க லா!"

தள்ளினார். இன்ஜின் உறுமியது. சக்கரங்கள் மர உச்சிகளைக் கிழித்தன, விமானம் துள்ளியது, மாயாண்டியின் வலக்கை கம்பிகளுக்கிடையே சிக்கி மளுக்கென்றது.

ஒரு சுற்றுச் சுற்றி, குதித்துக் குதித்துத் தரை சேர்ந்தார்கள். செட்டியார் இறங்கி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட்டார்.

"பொட்டு வைக்க வேற எடம் கெடைக்கலயாடா? ஒன் நெத்தி காலியாத்தானே கெடக்கு!"

மாயாண்டி விட்ட குத்தில் செட்டியார் லாலாங் புல்லில் மல்லாந்தார்.

"செத்துக்கிட்டிருந்த இன்ஜின் கழுத்த நெரிச்சியே, அதுக்கு!"

ரப்பர் பால்வாளிகளோடு ஓடிவந்த தோட்டத்து ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முதலாளியை ஒருவன் 'நீ' என்பதையே அவர்கள் கேட்டதில்லை.

செட்டியார் ஒரு பல்லைத் துப்பினார். அவன் கை தொங்குவதைப் பார்த்தார்.

"ஒடஞ்சிருச்சா?"

"ஆமா."

"எந்தக் கையால அடிச்ச?"

"ஒடஞ்ச இந்தக் கையாலதான்."

செட்டியார் தாடையைத் தடவிக்கொண்டார்.

"நல்ல வேளை லா. கார்ல ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."