அண்ணனுக்குக் கொடுத்த முகம்

சைக்கிள் கடை மீசைக்காரரின் முகம் அந்த ஊரில் யார் வீட்டில்தான் இல்லை? பஸ் ஓட்டுநரின் கண்ணாடி ஓரத்தில் இருந்தது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் பேனாப் பெட்டியில் இருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் தலையணைக்கு அடியிலும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அது அவர் முகம் என்று ஒருவருக்கும் தெரியாது. பதினெட்டு வயதில், மீசை இல்லாமல் எடுத்த படம். தலையைச் சுற்றிப் பொன்வட்டம் போட்டு, கீழே 'இளம் மறைசாட்சி' என்று, வேதத்துக்காக உயிரை விட்ட அவருடைய அண்ணன் பெயரை அச்சடித்துவிட்டால் அப்புறம் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? பெற்ற மகளே பார்க்கவில்லை.

மகளுக்கு நாற்பத்தைந்து வயது. கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். விடைத்த காது இரண்டும் முறம் மாதிரி இருக்கும். முன்பல் இரண்டும் கொஞ்சம் பெரிசு, நடுவில் ஒரு சந்து. மீசைக்காரர் அவளைப் பிறந்த நாளிலிருந்து 'முயலு' என்றுதான் கூப்பிடுகிறார். பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பெயருக்காக அப்பாவோடு எத்தனையோ நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். கூப்பிடுவதை அவர் விட்டபாடில்லை.

காலையில் கடைக் கதவைத் தூக்கியதும் அவளுக்கு முதல் வேலை, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் பெரியப்பா படத்தைத் துடைப்பது. துடைத்துவிட்டு, கைகூப்பிக்கொண்டு வாய்விட்டே பேசுவாள்.

"பெரியப்பா, காத்தடிக்கிற மெஷின் மக்கர் பண்ணுது. புதுசு ஒண்ணுக்கு வழி பண்ணுங்க. அப்புறம், இவ்வளவு லட்சணமா இருந்திருக்கீங்களே, அதுல கால்வாசியாவது எனக்கு வந்திருக்கக் கூடாதா?"

பின்னால் நிற்கும் மீசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார். அந்தப் படத்தின் முன்னால் அவர் ஒரு நாளும் கைகூப்பியதில்லை. தன் மூஞ்சியைத் தானே எப்படிக் கும்பிடுவது?

நடந்தது அறுபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. வேறொரு ஊர். வேதக்கோவில்களைப் பூட்டி முத்திரை வைத்த காலம் அது. பூசை செய்தால் சிறை, சாமியாரை ஒளித்து வைத்தால் தலை போகும். அண்ணனுக்குப் பதினேழு வயது, இவருக்குப் பதினான்கு. அப்பா விட்டுப்போன சைக்கிள் கடையை அண்ணன் பார்த்துக்கொண்டான். பஞ்சர் ஒட்டும் ரப்பர் துண்டுகள் வைக்கும் சின்னத் தகர டப்பாவில்தான், ஒளிந்திருந்த சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டு போவான். ரிப்பேரான சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

கடைசியாகப் போன அன்று தம்பியிடம் சொன்னது இதுதான்: "நான் வர்றதுக்குள்ள அந்தப் பின்சக்கரத்துல பெண்டு எடுத்து வை. ஆடாம சுத்தணும். வழக்கம்போல டிமிக்கி குடுக்காதே."

தம்பி வழக்கம்போல டிமிக்கி கொடுத்தான். 

பாலத்தில் சோதனை. டப்பாவைத் திறந்து பார்த்த அதிகாரிக்கே பையனைப் பார்க்கப் பாவமாக இருந்ததாம். "ஒட்டுப் போடற ரப்பர்னு சொல்லேன்டா. நான் மூடிக் குடுத்துடறேன், போயிடு" என்றாராம். பக்கத்தில் நின்ற தயிர்க்காரி காதால் கேட்டு வந்து சொன்னது. அண்ணன், "ரப்பர் இல்லைங்க ஐயா" என்றானாம். அவ்வளவுதான். டப்பாவில் இருந்ததை அவர்கள் கை படுமுன் தானே உட்கொண்டுவிட்டு நிமிர்ந்து நின்றானாம். பொழுது சாய்வதற்குள் சுட்டுவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அண்ணனின் ஒரே போட்டோ அதோடு போயிற்று.

மூன்றாம் நாள், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன், தம்பி அந்தப் பின்சக்கரத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு கம்பியாக முடுக்கியும் தளர்த்தியும் பெண்டு எடுத்து முடித்தான். சக்கரம் நூல் பிடித்தாற்போலச் சுற்றியது. சொல்லத்தான் ஆள் இல்லை.

நான்கு வருஷத்தில் ஆட்சி மாறியது. கோவில்கள் திறந்தன. புது ஊரின் பங்குச்சாமியார், மறைசாட்சியின் படம் ஒன்று வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா உள்ளே போய், இவர் கடை லைசென்சுக்காக அந்த வாரம்தான் எடுத்திருந்த போட்டோவை எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். சாமியார் போன பிறகு இவர் திகைத்துப்போய், "அம்மா, அது நானும்மா" என்றார்.

"தெரியும்டா. உனக்குத்தான் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே. அதை அவனுக்குக் குடு. அவன் மூஞ்சி இல்லாம நிக்கிறான்டா."

அடுத்த நாளிலிருந்து மீசை வளர்த்தார். அண்ணனை நேரில் பார்த்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிப் போயிருந்தார்கள். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. கடைசிக் காலத்தில் அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதையே பார்த்துப் பார்த்து அவன் எப்படி இருந்தான்னு எனக்கே மறந்துபோச்சுடா" என்று அழுதாள். அவள் போன அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அம்மா இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கலாம் என்று மீசைக்காரர் நினைக்காத நாள் இல்லை.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஆயர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அண்ணனுக்கு, புனிதர் ஆவதற்கு முந்தின படியான அருளாளர் பட்டம் உறுதியாகிவிட்டதாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணைச் சாமியார் வருவாராம். படத்தில் இருப்பது மறைசாட்சிதான் என்று, அவரை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருக்கும் ஒரே உறவினர் வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டுமாம். அதைப் பார்த்து நாலு ஆள் உயரத்துக்கு ஓவியம் வரைந்து கோவிலில் வைக்கப்போகிறார்கள்.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. மீசைக்காரர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். சும்மா இருப்பது வேறு, சத்தியம் பண்ணுவது வேறு. சொல்லிவிட்டால் அம்மாவைப் பொய்க்காரியாக்க வேண்டும். அண்ணன் மறுபடியும் முகமில்லாமல் நிற்பான். சொல்லாவிட்டால், ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்று செத்தவன் பேரிலேயே பொய்ச் சத்தியம். அந்த வாரம் நல்ல டியூபுக்கு ஒட்டுப் போட்டார். ஓட்டை டியூபை நல்லதென்று மாட்டி அனுப்பினார். "என்னப்பா ஆச்சு உனக்கு?" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாமியார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சின்ன வயது, நல்ல மனுஷன். மகள் துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை விரித்தார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்லைங்க ஐயா. இது உங்க அண்ணன் படம்தானேன்னு கேப்பேன். நீங்க ஆமான்னு சொன்னாப் போதும், முடிஞ்சுது."

ஆமா என்றால் போதும். ரப்பர் என்றால் போதும். மீசைக்காரருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது.

"இல்லைங்க சாமி" என்றார். "அது நான்."

சாமியார் மகளைப் பார்த்தார். மகள், "அப்பா, விளையாடற நேரமா இது?" என்றாள். அவர் முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வயசானா ஞாபகம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும் ஐயா. நான் அடுத்த வாரம் வரட்டுமா?"

மீசைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. சொன்னால் மறதி என்கிறார்களே! பக்கத்துச் சலூன்காரரைக் கூவி அழைத்தார்.

"மீசையை எடு."

"அண்ணே, எங்கப்பா காலத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கோம். இன்னிக்கா மனசு வந்துச்சு?" என்று சலூன்காரர் ஓடிப்போய்க் கத்தியும் சோப்பும் எடுத்துவந்தார். பஞ்சர் பார்க்கிற வாளியிலேயே தண்ணீர். நாலு இழுப்பில் மீசை போயிற்று. மேலுதட்டில், இடது பக்கம், சாய்வாக ஒரு தழும்பு வெளியே வந்தது.

படத்திலும் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது. 'வதைபட்ட உதடே' என்று அதற்கு ஒரு செபமே இருக்கிறது. மாதம் தவறாமல் சொல்கிறார்கள்.

"பதினாறு வயசுல காத்தடிக்கிற பம்ப்போட கைப்பிடி எகிறி அடிச்சுது சாமி" என்றார் மீசைக்காரர். "வதைன்னா வதைதான்."

சாமியார் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை மெதுவாக மடித்துவைத்தார். அவருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மகள்தான் கொதித்துப் போனாள். "அப்போ இத்தனை வருஷமா நான் உன்னையா கும்பிட்டேன்? காத்தடிக்கிற மெஷின் வேணும்னு கேட்டதுக்கு, பத்தே நாள்ல வந்து எறங்குச்சே, அது?"

"நீதான் கடையே கேக்கற மாதிரி வேண்டிக்கிறியே. காதுல விழுந்துச்சு. வாங்கிட்டேன்."

"ஸ்கூட்டர்?"

"அதுவும் நான்தான்."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கண் நிறைந்துவிட்டது. "அது கிடக்கட்டும். அந்த மனுஷன் உசுரையே குடுத்திருக்கார். ஒரு முகம் கூடவா இல்லாமப் போச்சு அவருக்கு? எப்படித்தான் இருப்பார்? அதையாவது சொல்லு."

மீசைக்காரர் (பழக்கதோஷத்தில் இன்னும் ஊர் அவரை அப்படித்தான் சொல்கிறது) மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு நிக்கும். முன்பல்லு பெரிசு, நடுவுல சந்து. லட்சணம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஆனா சிரிச்சான்னா பார்த்துக்கிட்டே இருக்கலாம். எங்கம்மா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. முயலுன்னுதான் கூப்பிடுவாங்க."

மகளின் கை தானாகப் போய்க் காதைத் தொட்டது. நாற்பத்தைந்து வருஷமாகத் தலைமுடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டிருந்த காது. சாமியார் எழுந்து நின்று அவளைப் பார்த்தார்; கடைக்குள் வரும்போது அவளை ஒரு தடவை பார்த்தவர்தான், இப்போது வேறு மாதிரி பார்த்தார்.

ஓவியர் வந்து நான்கு நாள் கடையிலேயே உட்கார்ந்து வரைந்தார். மகள் ஸ்டூலில் அசையாமல் இருக்கவேண்டும். அவளோ வாடிக்கையாளர் வந்தால் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிலிருந்து பதினேழு வயதுப் பையனைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலை அப்பாவுடையது. "கன்னத்தைக் குறைங்க. புருவம் இன்னும் அடர்த்தி. சட்டையில ஒரு பொத்தானை ஓட்டை மாத்திப் போடுங்க; அவன் என்னிக்குமே சரியாப் போட்டதில்லை." தானே மறந்துவிட்டோமோ என்று பயந்திருந்தார். சொல்லச் சொல்ல எல்லாம் வந்தது. படத்துக்குக் கீழே, 'தம்பி மகளைப் பார்த்து' என்று எழுதுவதா, 'தம்பி சொன்னபடி' என்று எழுதுவதா என்று ஆயர் அலுவலகத்தில் ஒரு வாரம் யோசித்து, கடைசியில் 'குடும்பத்தார் நினைவிலிருந்து வரைந்தது' என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்.

பட்டம் கொடுத்த அன்று கோவிலில் திரை விலகியது. நாலு ஆள் உயரத்துக்கு, விடைத்த காதும் பல்லும் தெரிய, கையில் தகர டப்பாவோடு அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றான். கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. முன்வரிசையில் ஒரு அம்மா, "என்ன இருந்தாலும் பழைய படம்தான் லட்சணமா இருந்துச்சு" என்று முணுமுணுத்தாள். மீசைக்காரருக்கு அது காதில் விழுந்தது. இந்த வயதிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மகள் அன்றைக்கு முடியை வாரிக் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். எல்லாரும் படத்தையும் அவளையும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் மட்டும் படத்தின் அருகே போனார். முட்டி இரண்டும் சத்தம் போட, பெஞ்சைப் பிடித்து மண்டியிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் முன்னால் கைகூப்பினார். கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. சொல்வதற்குத்தான் இருந்தது.

"அண்ணே, அந்தப் பின்சக்கரத்துல பெண்டு எடுத்துட்டேன்" என்றார். "ஆடாம சுத்துது."