வலியில்லாத ஆறுமுகப்பெருமாள்

டாக்டர் செல்வதாஸ் வேலூரில் படித்து முடித்து, ஐம்பத்து மூன்றாம் வருஷம் மார்த்தாண்டம் சாலையிலிருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, கையோடு ஒரு சந்தேகத்தையும் கொண்டுவந்திருந்தார். ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கும் வலிக்கு மாத்திரை கொடுக்கிறோம். அவர்களும் குறைந்துவிட்டது என்கிறார்கள். குறைத்தது மாத்திரையா, மாத்திரை சாப்பிட்டோம் என்கிற தைரியமா? படிக்கிற காலத்திலேயே இது அவரைப் பிடித்துக்கொண்டது. தானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

ஏற்பாடு எளிதானதுதான். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு வகை மாத்திரை. ஒன்று ஆஸ்பிரின். மற்றது வெறும் பால் சர்க்கரை. யாருக்கு எது என்று கம்பவுண்டர் யேசுதாசன் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, பெயர் எழுதிப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் கேட்பார்கள். வலி பொறுக்கவில்லையென்றால் உடனே ஊசி உண்டு.

ஆஸ்பத்திரியில் எந்தச் செய்தியும் யேசுதாசன் வாயில் ஒரு பொழுது தங்கியதில்லை. அப்படிப்பட்டவர் நெஞ்சில் இப்படி ஒரு ரகசியத்தை ஏற்றிவைத்ததே டாக்டரின் துணிச்சல். யேசுதாசன் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போயிற்று.

வார்டு நர்ஸ் ஜெபகுமாரியின் வேலை கேள்வி கேட்பது. வலி இல்லையா, கொஞ்சமா, நடுத்தரமா, கடுமையா? நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளி சொன்னதை அப்படியே எழுத வேண்டும்.

அப்போதுதான் தாழக்குடியிலிருந்து ஆறுமுகப்பெருமாள் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். வருஷத்தில் இரண்டு பூவும் விளைகிற வயல், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை, ஐம்பதைத் தாண்டியும் தளராத தோள்கள். மனைவி மீனாட்சியம்மாள் கூட வந்தாள். நோயாளிகளின் வீட்டார் சமைப்பதற்கென்று பின்னாலிருந்த கொட்டகையில் ஒரு மூலையைக் கழுவி, சாணி மெழுகி, சைவச் சமையலுக்கு அடுப்புக் கூட்டிக்கொண்டாள். டாக்டர் சோதனையைப் பற்றிச் சொன்னதும் ஆறுமுகப்பெருமாள் யோசிக்கவே இல்லை.

"நமக்கு எந்தக் குளிகையானாலும் ஒண்ணுதான் டாக்டரையா. எங்க குடும்பத்துல யாருக்கும் வலி கெடையாது" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் ஊசி போட்டார்கள். மறுநாளிலிருந்து மாத்திரை. ஜெபகுமாரி பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பாள். அவர் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, பெரிதாக ஏப்பம் விடுவார். கொஞ்ச நேரம் கழித்து அவள் வருவாள்.

"வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"வலியா? எனக்கா? இல்ல."

சொல்லும்போது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும்.

"பொய் சொல்லுகாரு மக்கா" என்றாள் மீனாட்சியம்மாள். "ராத்திரி பூரா கட்டில் கம்பியப் பிடிச்சு நெரிச்சுக்கிட்டு கெடந்தாரு. அந்தக் கம்பிக்கு வாயிருந்தா அது சொல்லும்."

"நீ சும்ம கெட ஏட்டி."

ஜெபகுமாரி டாக்டரிடம் போய்க் கேட்டாள். நோயாளி வாயால் சொல்வதுதான் கணக்கு, பெண்டாட்டி சொல்வதைக் கணக்கில் எடுத்தால் உலகத்தில் ஆராய்ச்சியே நடக்காது என்றார் அவர். அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆறுமுகப்பெருமாள் பெயருக்கு நேரே வரிசையாக 'இல்லை' ஏறிக்கொண்டே போயிற்று. அதைப் பார்க்கப் பார்க்க டாக்டருக்கு உற்சாகம். ஆஸ்பிரினாகத்தான் இருக்கும், சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பக்கமாக வந்த யேசுதாசன் கூரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

இதற்கிடையில் மீனாட்சியம்மாள் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுவதை ஜெபகுமாரி கவனித்துவிட்டாள். கேட்டால், "அது கெடக்கு, நாலஞ்சு மாசமாட்டு ஒரு கடைவாய்ப்பல் முனங்குகு" என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, இந்தப் பல்லை இனி வைத்துப் பயனில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்தது வந்தாயிற்று, இதையும் முடித்துக்கொண்டு போவோம் என்று அவளும் நாற்காலியில் உட்கார்ந்தாள். சோதனைக்கும் சம்மதித்தாள். வேர் வளைந்த பல். டாக்டர் வேர்த்து விறுவிறுத்துத்தான் எடுத்தார். பிறகு அவளைப் பெண்கள் வார்டில் படுக்கவைத்தார்கள்.

மரத்துப்போன கன்னத்துக்கு மெல்ல உணர்வு வந்தது. கூடவே வலியும் வந்தது. மாத்திரை கொடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து ஜெபகுமாரி கேட்டாள்.

"அக்கா, இப்ப வலி எப்படி? கொஞ்சமா, நடுத்தரமா, கடுமையா?"

"கன்னத்துக்குள்ள நாலு பேரு நின்னு நெல்லு குத்துகாளுவ மக்கா."

"அப்ப கடுமைன்னு எழுதட்டா?"

"இரு, இரு. ஒருத்தி உலக்கையை வச்சுட்டு வெத்தல போடப் போறா. இப்ப மூணு பேருதான்."

"அப்ப நடுத்தரம்."

"அந்த மூணு பேரும் நல்ல பெலசாலியாக்கும்."

ஜெபகுமாரி எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். புருஷன் ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார், பெண்டாட்டிக்குத் தாள் போதவில்லை. "ஊசி வேணுமா அக்கா?" என்று கேட்டதற்கு, "கொஞ்சம் பாப்போம்" என்று கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள் மீனாட்சியம்மாள்.

இரண்டு வார்டுகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அது கூரை ஓடு வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் முனகினால் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்துக் கட்டில்காரரிடம், கன்னியாகுமரி வரைக்கும் உள்ள தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டிய நியாயத்தை விளக்கிக்கொண்டிருந்த ஆறுமுகப்பெருமாள் பாதியில் நிறுத்தினார்.

"ஏட்டி மீனாச்சி! பல்லு என்னா செய்யி?"

"ஒண்ணுமில்ல. நீங்க பேசும்" என்றது அந்தப் பக்கம். குரல் பாதிதான் வந்தது.

அவர் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இறங்கினார். ஒரு கை வயிற்றில், ஒரு கையில் செல்லம். உடம்பு நிலத்தைப் பார்க்க வளைந்திருக்க, நண்டு மாதிரி பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து, வாசலைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வார்டுக்குள் நுழைந்தார். உள்ளே இருந்த பெண்கள் மேலாடையை இழுத்து மூடிக்கொண்டு கூச்சல் போட்டார்கள்.

"இந்தா, இதைத் தின்னு" என்று செல்லத்தைத் திறந்து நீட்டினார். பாக்குச் சீவலுக்கும் சுண்ணாம்புச் சிமிழுக்கும் நடுவே வெள்ளை மாத்திரைகள் கிடந்தன. ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்து அவருக்குக் கொடுத்து, வாயில் போட்டதுபோல் காட்டி அவர் கைக்குள் ஒளித்த அத்தனையும்.

மீனாட்சியம்மாள் அவரைப் பார்த்தாள், மாத்திரையைப் பார்த்தாள். இரண்டை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

கூச்சல் கேட்டு ஜெபகுமாரி ஓடிவந்தாள். அவள் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. முன்பு கொடுத்ததோடு சேர்த்து மூன்றும் ஆஸ்பிரினாக இருந்தால் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கட்டாமல் வடிந்துகொண்டே இருக்கலாம்.

"கம்பவுண்டரைக் கூப்பிடு!"

யேசுதாசன் வந்து நின்றார். இத்தனை நாள் காத்திருந்த தருணம். ஆனாலும் சட்டென்று சொல்லிவிட மனம் வரவில்லை.

"பறையலாமா டாக்டர்? பறையப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினிய."

"இப்பப் பறையும் வே!"

"அம்மைக்குக் குடுத்தது ஆஸ்பிரின். அண்ணாச்சிக்குக் குடுத்தது பூரா பால் சர்க்கரை."

டாக்டர் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவள் தின்றது ஒரே ஒரு மருந்து மாத்திரைதான், ஆபத்தில்லை. அந்த நிம்மதி வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. வரிசை வரிசையாக 'இல்லை' சொன்ன மனிதர் ஆஸ்பிரினும் தின்னவில்லை, பால் சர்க்கரையும் தின்னவில்லை. இந்த ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆறுமுகப்பெருமாளுக்கோ பெருமை பிடிபடவில்லை. வளைந்த நிலையிலேயே வார்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "பாத்தியளா டாக்டரையா? மருந்துமில்ல, சர்க்கரையுமில்ல. வெறும் தைரியம்!"

"தைரியமாம்" என்றாள் மீனாட்சியம்மாள், கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு. "டாக்டரையா, இந்த மனுஷனுக்குக் குளிகை விழுங்கத் தெரியாது. தொண்டையில ஒட்டிக்கிட்டு கண்ணு ரெண்டும் பிதுங்கிரும். காய்ச்சல் வந்தா நான் கருப்பட்டியில பொடிச்சுப் போட்டு, பச்சைப் பிள்ளைக்குக் குடுக்க மாதிரி விரலால நக்கக் குடுக்கணும். வலிக்குன்னு சொன்னா நீங்க ஊசி போட்டுருவியன்னு பயம் வேற. அதான் இல்ல, இல்லன்னு சாதிச்சாரு."

முதலில் சிரித்தது ஜெபகுமாரிதான். பிறகு வார்டே சிரித்தது. போர்வைக்குள் ஒளிந்திருந்த பெண்களும் தலையை நீட்டிச் சிரித்தார்கள். ஆறுமுகப்பெருமாள் முறைத்துப் பார்த்தார். மனைவியை மட்டும் முறைக்க முடியவில்லை. அவர் வாயோரமும் நெளிந்தது. தோள் குலுங்கியது. குலுங்கிய வேகத்தில் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது.

"ஐயோ, சிரிக்க வைக்காதிய! சிரிச்சா வலிக்கு!"

ஜெபகுமாரி பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "கொஞ்சமா, நடுத்தரமா, கடுமையா?"

"கடுமை" என்றார் அவர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு. "நல்ல கடுமை."

அவரை ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். டாக்டர் தையலைப் பார்த்தார். பிரிந்திருக்கவில்லை. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் கருப்பட்டியில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஆறுமுகப்பெருமாள் குறட்டை விட்டார்.

டாக்டர் திரும்பிவந்து மீனாட்சியம்மாளிடம் கேட்டார். "உங்களுக்கு இப்ப எப்படி?"

"நல்லாருக்கு. எல்லாவளும் உலக்கையை வச்சுட்டுப் போயிட்டாளுவ."

"முதல்ல தின்ன மாத்திரை வேலை செஞ்சிருக்கு."

"அது தின்னு எவ்வளவு நேரம் ஆச்சு! இவரு குடுத்ததுக்குப் பொறகாக்கும் கேட்டுது."

"அது வெறும் சர்க்கரை அம்மா."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "அந்தக் கோலத்துல அவரு வளைஞ்சு வளைஞ்சு வந்தாரே, அதைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு பொறுக்கல்ல. பாதி வலி அப்பமே போச்சு. மீதி பாதி எதுல போச்சுன்னு நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

டாக்டர் நேரே ஆண்கள் வார்டுக்குப் போய் மற்றக் கட்டில்களைச் சோதித்தார். ஒருவருடைய தம்ளருக்கு அடியில் இரண்டு மாத்திரை. ஒருவர் ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அந்த வரிசைக்குச் சுவரிலிருந்து இன்னொரு வரிசை வந்துகொண்டிருந்தது. எறும்புகள். டாக்டர் திரும்பி யேசுதாசனைப் பார்த்தார்.

"சர்க்கரைன்னு நான் பறையல்ல டாக்டர்" என்றார் யேசுதாசன் இரண்டு கைகளையும் விரித்து. "எறும்பாக்கும் பறஞ்சது."

செல்வதாஸ் அன்று சாயங்காலமே பழைய தாள்களைக் கட்டிவைத்தார். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை மாத்திரையாக இல்லை. பொடியாக்கி, கசப்பு இனிப்பு தெரியாதபடி இஞ்சிச் சாற்றில் கலக்கி, ஜெபகுமாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடிக்க வேண்டும். வருஷம் ஒன்று ஓடிற்று. முடிவில் ஆஸ்பிரின்தான் ஜெயித்தது. ஆனால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பால் சர்க்கரையும் நன்றாகவே ஓடியிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதி வேலூருக்கு அனுப்பினார்.

அடுத்த நெல் அறுப்பு முடிந்த பிறகு, மீனாட்சியம்மாள் கன்னம் வீங்கிய ஓரகத்தி உலகம்மையைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பல்லைப் பிடுங்கிட்டு இவளுக்கு அந்தச் சர்க்கரைக் குளிகையே குடுங்க டாக்டரையா. மத்தது சொணங்கி, நேரங்கழிச்சுத்தான் கேக்கு."

டாக்டர் சரி என்று தலையாட்டி, பல்லைப் பிடுங்கிவிட்டு ஆஸ்பிரினே கொடுத்தார். உலகம்மையை உள்ளே படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தபோது, வேப்ப மரத்து நிழலில் வில்வண்டி நின்றது. ஆறுமுகப்பெருமாள் உள்ளேயிருந்து இறங்கினார். நிமிர்ந்து, வேகமாக, இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி. டாக்டர் பார்க்க வேண்டும் என்றே அப்படி இறங்கினார். ஒரு மட்டி வாழைக் குலையைத் தூக்கிக் கையில் கொடுத்தார்.

"நம்ம தோட்டத்துது. நர்சம்மாக்கும் கம்பவுண்டருக்கும் குடுங்க. உங்களுக்கும்தான்."

"இதை விழுங்க உங்களுக்குக் கஷ்டமில்லையே?" என்று கேட்டார் டாக்டர்.

"நீங்களும் அவ கூட சேந்துட்டியளா!" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

வார்டுக்குத் திரும்பி வருவதற்குள் டாக்டர் மூன்று பழம் தின்றுவிட்டிருந்தார்.