நீலப்பெட்டைக்கு ஈடு

முப்பத்தெட்டு பவுண்டு ஐம்பது பென்ஸ். வில்ஃப் லார்ட்டர் தன் தங்கை புருஷன் டென் சில்வர்ஸுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. புறாவின் விலை முப்பத்தைந்து. மிச்சம், அது பறக்க வேண்டிய பந்தயத்துக்கு டென் முன்கூட்டியே கட்டியிருந்த பணம்.

தப்பு வில்ஃபுடையதுதான். ஏப்ரலில் ஒரு சாயங்காலம், பட்டாணி விதைத்த வயலில் காட்டுப்புறா சுட்டுக்கொண்டிருந்தான். வெயில் கண்ணில் குத்தியது. வேலியை ஒட்டி ஒரு சாம்பல் பறவை தாழ்ந்து வந்தது. இறக்கையில் வெள்ளைப் பட்டை தெரிகிற வரைக்கும் விரலை அசைக்கக் கூடாது; காட்டுப்புறாவுக்குப் பட்டை உண்டு, பந்தயப் புறாவுக்குக் கிடையாது. இருபது வருஷமாக வில்ஃபுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு மட்டும் அவன் காத்திருக்கவில்லை. விழுந்ததை எடுத்துப் பார்த்தால் காலில் வளையம். டென்னின் நீலப்பெட்டை, அவனுடைய கூட்டிலேயே வேகமான பறவை. சேற்றில் புதைத்துவிட்டுப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வில்ஃப் அதைத் தொப்பியில் வைத்து எடுத்துக்கொண்டுபோய் டென் கையில் கொடுத்தான்.

பண்ணைக் கூலி வாடகைக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போய்விடும். பட்டாணியைக் காப்பாற்றப் பண்ணைக்காரர் தோட்டா கொடுப்பார். சுட்ட புறாவை இறைச்சி வியாபாரியிடம் விற்கிற சில்லறை வில்ஃபுக்கு. அதில்தான் கடனை அடைப்பதாக இருந்தான். அதிலும் மண் விழுந்தது. மே மாதம் தேவாலயக் கோபுரத்தில் ஒரு வல்லூறு வந்து குடியேறியது. அது வானத்தில் தலைகாட்டினால் போதும், சுற்றுவட்டாரத்தில் ஒரு புறா மிஞ்சாது. வில்ஃபின் அன்றைய பிழைப்பு அத்தோடு சரி.

ஆனாலும் அவனால் அதன்மேல் கோபப்பட முடியவில்லை. பீட்ரூட் வயலில் களை கொத்திக் கொத்தி இடுப்பு விட்டுப்போய் நிமிர்கிற நேரத்தில், அது அங்கே மேலே நிற்கும். இறக்கையை ஒடுக்கிக்கொண்டு அது விழுவதைப் பார்த்தால் வலி இருந்த இடம் மறந்துபோகும். அந்தச் சமவெளியில் அண்ணாந்து பார்க்க வேறு எதுவும் கிடையாது.

டென் பார்வை வேறு. அவனுடைய பந்தயப் புறாக்களில் மூன்றை அது தின்றிருந்தது.

"மச்சான், அதைச் சுட்டுத் தள்ளிடு," என்றான் ஒருநாள் பப்பில். "நம்ம கணக்கு தீந்துபோச்சு. ஒரு பென்னி வேணாம்."

"அது சட்டம் காக்கிற பறவை. மாட்டுனா ஜெயிலு."

"யாரு பாக்கப் போறா? பட்டாணி வயல்ல நாள்பூரா டுமீல் டுமீல்னுதானே இருக்கு. என் நீலப்பெட்டையைச் சுடறப்ப மட்டும் விரல் தானா வேலை செஞ்சுதே."

வில்ஃப் பீரைக் குடித்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டென் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டான்.

ஜூலையில் மழை அடித்துப் பட்டாணிக்கொடி படுத்துவிட்டது. காட்டுப்புறா கூட்டங்கூட்டமாக இறங்கியது. வில்ஃப் முள்வேலி ஓரம் வலையைக் கட்டி மறைவு போட்டான். எதிரே பொம்மைப் புறாக்களைக் காற்றைப் பார்த்தபடி குதிரை லாடம் மாதிரி வைத்து, நடுவில் நிஜப் பறவை வந்து இறங்க இடம் விட்டான். உள்ளே வந்து உட்கார்ந்தால், பின்னாலேயே டென் தவழ்ந்து வருகிறான், கையில் பாலாடைக்கட்டி ரொட்டிப் பொட்டலத்தோடு.

"நீ எதுக்கு?"

"சாட்சிக்கு. நீ அதைப் பாத்தா வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பேன்னு உன் தங்கச்சி ஐவி சொன்னா."

"தலையைக் குனி. உன் வழுக்கை மின்னுது, புறா கிட்ட வராது."

ஏழெட்டுப் புறா விழுந்திருக்கும். திடீரென்று வயல் காலியானது. இவ்வளவு நேரம் வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே திரும்பி மரங்களுக்குள் போய் ஒளிந்தது.

"வந்துட்டா கோபுரத்துக்காரி," என்றான் வில்ஃப்.

மேகத்துக்குக் கீழே ஒரு கரும்புள்ளி. அவன் துப்பாக்கியைத் தூக்கவில்லை. டென் அவன் மடியிலிருந்து அதைப் பிடுங்கிப் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினான். கடன் தீர ஒரே ஒரு விரல்தான் பாக்கி. தான் ஏன் அன்றைக்கே முடியாது என்று சொல்லவில்லை என்று வில்ஃப் தன்னையே நொந்துகொண்டான்.

ஊர்ப்பக்கமிருந்து நாலைந்து புறாக்கள் இறுக்கமாகச் சேர்ந்து வந்தன. இறக்கையில் பட்டை இல்லை.

"ஐவி கூட்டைத் திறந்துவிட்டிருக்கா," என்றான் டென். "என்னோடது."

புள்ளி சாய்ந்தது. பிறகு விழுந்தது. புதுத் துணியை ஒரே இழுப்பில் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். கூட்டம் சிதறியது. ஒரு சிவலைப்பெட்டை மட்டும் தரையோடு தரையாக இறங்கி, பொம்மைப் புறாக்களைப் பார்த்து, அவற்றுக்கு நடுவே பாய்ந்து, வலையின் இடைவெளியில் நுழைந்து, வில்ஃபின் இரண்டு கால்களுக்கும் நடுவே வந்து முட்டி விழுந்தது.

வல்லூறு பின்னாலேயே வந்தது. வலைக்கு மேலே கைக்கெட்டும் தூரத்தில் நெஞ்சைக் காட்டி நிமிர்ந்தது. காற்று இருவர் முகத்திலும் அடித்தது. மார்பில் பொடிப்பொடியாகக் கறுப்புக் கோடு, கன்னத்தில் கறுப்பு மீசை, கண்ணைச் சுற்றி மஞ்சள். மேலே போய் ஒரு வட்டமடித்துத் திரும்பி, எதிர்க் கம்பத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. இவர்கள் பக்கமே பார்த்தது. குருடன்கூடச் சுட்டு வீழ்த்தலாம், அவ்வளவு கிட்டத்தில்.

துப்பாக்கி டென்னின் தோளில் குறிவைத்தபடிதான் இருந்தது. வல்லூறு ஒரு தடவை இறகைக் கோதியது, எச்சம் போட்டது, எழுந்து நிதானமாகக் கோபுரத்தைப் பார்த்துப் போயிற்று.

டென் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாடி," என்றான் கடைசியில். "என்ன வேகம். என்னோடதுல ஒண்ணுக்காவது அதுல பாதி இருந்தா ராஜாங்கம் பண்ணியிருப்பேன்."

"ஏன் சுடலே?"

"எப்படிடா சுடறது? கையில புறா இருந்துச்சு."

புறா வில்ஃபின் கையில் இருந்தது. சிவலைப்பெட்டையின் நெஞ்சு அவன் விரல்களுக்குள் படபடத்தது. முதுகில் நாலு இறகு போயிருந்தது, வேறு காயம் இல்லை. அதை டென்னிடம் நீட்டினான்.

"இந்தா. உனக்கு நான் ஒரு புறா தரணும். தந்துட்டேன்."

"இது என் புறாடா."

"காலையில உன்னோடது. அப்புறம் அவளோடது. என் கால்ல வந்து விழுந்தப்புறம் என்னோடது. இப்ப உனக்குத் தரேன்."

டென் புறாவைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டான்.

"பந்தயத்துக்குக் கட்டின மூணரை?"

வில்ஃப் அன்று சுட்டதில் கொழுத்ததாக இரண்டு காட்டுப்புறாவைப் பொறுக்கி அவன் மடியில் போட்டான். ஐவி புறாக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்டால் தெருவே மணக்கும்.

டென் ஒன்றைத் தூக்கி எடை பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடு," என்றான். "கணக்கு முடிஞ்சுது."