பின்பலகையில் ஊசித்துளைகள்

பழைய படகு ஒழுகுகிறதா என்று பார்க்க அதை ஏரியில் இறக்க வேண்டியதில்லை. காருக்குப் பின்னால் மாட்டுகிற இழுவண்டியில் நிற்கிறபடியே அதற்குள் தண்ணீரை நிரப்பினால் போதும். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் எந்த ரிவெட்டின் அடியில் வெளியே சொட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். வெர்லின் டோஸ்ட்ருட் வருடா வருடம், பனி உருகியதும் செய்கிற முதல் வேலை அதுதான்.

இந்த வருடம் ரிவெட்டுகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. சொட்டியது படகின் பின்சுவரான பின்பலகை. மோட்டார் மாட்டுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, அலுமினியத் தகட்டில், ஊசியால் குத்தியதுபோல் துளைகள்.

யாரோ துளைத்திருக்கிறார்கள்!

அந்த 'யாரோ' யார் என்று யோசிக்க வெர்லினுக்கு அதிக நேரம் ஆகவில்லை. இவ்வளவு மெல்லிய துளை போடுகிற கருவி அந்த ஊரில் ஒரே ஆளிடம்தான் இருந்தது. மனைவி ஐலியின் அண்ணன் ஆர்வோ கங்காஸ். ஓய்வு பெற்ற பல் டாக்டர். படகில் பாதிப் பங்குக்காரர்.

அது 1958-ஆம் வருடத்துப் படகு. ஒரு பண்ணையில் கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். நாலு அடுக்குப் பெயின்டைச் சுரண்டி எடுத்து, உளுத்துப்போன பின்பலகை மரத்தை மாற்றி, இருக்கைகளுக்கு அடியில் புது நுரைப்பஞ்சு அடைத்து, தண்ணீர் இறைக்கும் பம்ப் வைத்து, போன இலையுதிர்காலத்தில் மீன் காட்டும் கருவிகூட மாட்டியாகிவிட்டது. வெர்லினுக்கு அது படகு இல்லை, பெற்ற பிள்ளை. ஆர்வோவுக்கோ கண் வேறு பக்கம் போய்விட்டது. காரைப்போல ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற பெரிய புதுப் படகு வேண்டுமாம்.

கிறிஸ்துமஸ் விருந்தில் அது சண்டையாகி, கடைசியில் ஒப்பந்தமாக முடிந்தது. மே மாதம் மீன்பிடி தொடங்கும் முதல் நாள், படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தாலும் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட வேண்டும். வராவிட்டால் ஆர்வோ புதுப் படகுப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.

முதல் நாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

வெர்லின் யாரிடமும் மூச்சு விடவில்லை. மான் வேட்டைக்கு வைத்திருந்த, எது அசைந்தாலும் தானே படம் பிடிக்கிற கேமராவை எடுத்து, படகைப் பார்த்தபடி பிர்ச் மரத்தில் கட்டிவைத்தான். முதலில் அதில் ஒரு மான் விழுந்தது. பிறகு பக்கத்து வீட்டு நாயின் பின்புறம். வெள்ளிக்கிழமை நடுப்பகலில், வெர்லின் தூண்டில் கடைக்குப் போயிருந்த நேரம், ஆர்வோ விழுந்தார். பின்பலகையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பளபளவென்று மெல்லியதாக ஏதோ ஒன்று.

"பாரு, உங்கண்ணன் லட்சணத்தை!" என்று படத்தை ஐலியிடம் காட்டினான் வெர்லின்.

ஐலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "பாவம், முட்டி வலிக்காரரு. இப்படி உக்காந்துட்டு எப்படி எழுந்தாரோ!"

"ஐலி! அவர் என் படகுல ஓட்டை போடுறாரு!"

"நாப்பது வருஷம் ஊர்க்காரன் வாயில போட்டாரு. அப்ப எவனும் கேமரா வைக்கலையே."

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல ஆர்வோ வெர்லின் வீட்டுச் சவுனாவுக்கு, ஆவிக்குளியலுக்கு, வந்துவிட்டார். கங்காஸ் குடும்பத்தில் சவுனாவுக்குள் சண்டை கிடையாது. குரல் உயர்த்துவதே பாவம். அங்கே பெண் எடுத்த நார்வேக்கார வெர்லினுக்கும் அந்தச் சட்டம்தான். வெர்லின் மேல்பலகையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தான். சூடான கல்லில் ஆர்வோ தண்ணீர் ஊற்ற, ஆவி குப்பென்று எழுந்தது.

"என்ன மாப்ளே, ரொம்ப அமைதியா இருக்கே?"

"உங்க வீட்டு வழக்கம்தானே மச்சான்."

"நம்ம படகு எப்படி இருக்கு?"

நம்ம படகு! என்ன நெஞ்சழுத்தம்! "நல்லா இருக்கு" என்றான் வெர்லின். ஆர்வோ அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வை வெர்லினுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வெளியே வந்து துண்டைக் கட்டியதுதான் தாமதம், வெர்லின் படத்தை நீட்டினான்.

"இது யாரு?"

"நான்தான். தொப்பை கொஞ்சம் அதிகமா விழுந்திருக்கு."

"கையில என்ன?"

"பல்லு குத்திப் பாக்குற கம்பி."

"ஒத்துக்கிட்டீங்களே! புதுப் படகு ஆசைக்கு இந்தப் படகைக் கொன்னுட்டீங்களே!"

ஆர்வோவின் முகம் சிவந்தது. சவுனாச் சூட்டினால் அல்ல. "நானா? அடப்பாவி! போன வாரம் பனித்தண்ணி பின்பக்கமா சொட்டுறதைப் பாத்தேன். நீ மீன் காட்டுற கருவியை மாட்டுறேன்னு கண்ட எடத்துல துளைச்சுட்டு, எங்கிட்ட மறைக்கிறியோன்னு நெனச்சேன். அதான் ஆளில்லாத நேரத்துல போய்க் குத்திப் பாத்தேன். இப்பக்கூட 'நல்லா இருக்கு'ன்னு புளுகினியே!"

இருவரும் துண்டோடு நின்று முறைத்துக்கொண்டார்கள். கொசு கடிக்க ஆரம்பித்ததால் சட்டை போட்டுக்கொண்டு படகுக்குப் போனார்கள்.

ஆர்வோ கம்பியைத் துளைக்குள் விட்டுச் சுழற்றினார். "கவனிச்சுப் பாரு. வெளியில ஊசிமுனை. உள்ள போகப்போக அகலமாவுது. துளைச்சிருந்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கும். இது சொத்தை, மாப்ளே. உள்ளேருந்து அரிச்சிருக்கு."

"உள்ள மரந்தானே இருக்கு?"

"அப்ப மரத்தைக் கழட்டு."

போல்ட்டுகளைக் கழற்ற வெளிச்சம் மங்குகிற வரை ஆனது. மரம் விடுபட்டபோது, அதற்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. தகட்டின் உள்பக்கம் அம்மை வடுப்போலக் குழிகுழியாக இருந்தது. மரம் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது, இலேசான பச்சை நிறத்தில்.

ஆர்வோ மரத்தை முகர்ந்து பார்த்தார். "மருந்து ஏத்தின மரம். அழுகாம இருக்கச் செம்பு கலந்திருப்பான். ஈரத்துல செம்பும் அலுமினியமும் ஒட்டிக்கெடந்தா, அலுமினியம் காலி. உலோகம் வச்சுப் பல்லு அடைச்ச எடத்துல சாக்லேட் சுத்தின அலுமினியத் தாள் பட்டா சுரீர்னு இழுக்குமே, அந்தப் பகைதான்." கொஞ்சம் நிறுத்தி, "இந்த மரத்தை யார் வாங்கினது?" என்று கேட்டார்.

'நம்ம பேரன் காலம் வரைக்கும் அழுகாது' என்று பெருமையடித்துக்கொண்டு, அதிக விலை கொடுத்து, ஆர்வோவைக் கேட்காமலே வாங்கி வந்து மாட்டியவன் வெர்லின்தான். மச்சானைத் திருடனைப்போலக் கேமராவில் பிடித்தவனும் அவனே. காது சூடேறியது.

"மரக்கடைக்காரன் மேலதான் எனக்குச் சந்தேகம்" என்றான் கடைசியில்.

ஆர்வோ சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முடியவில்லை. வெர்லினும் சிரித்துவிட்டான். ஆனால் சிரித்து முடித்ததும் ஆர்வோ தகட்டைத் தட்டிப் பார்த்து, "ஒப்பந்தம் ஒப்பந்தந்தான்" என்றார்.

வெர்லின் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "முதல் நாள் இன்னும் வரலையே மச்சான். உள்ள புதுத் தகடு வச்சு ரிவெட் அடிச்சு, சாதா மரத்துக்கு எண்ணெய் ஏத்தி மாட்டிடலாம். அதுக்கப்புறமும் சொட்டினா நானே இரும்புக் கடைக்கு இழுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் விடுங்க. நான் பேசினது தப்புதான்."

ஆர்வோ படகைச் சுற்றி வந்தார். பெரிய புதுப் படகு ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தது. அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"ஒரு நிபந்தனை. இந்த வாட்டி மரம் நான் வாங்குவேன். திங்கக்கிழமை காலையில போறேன்."

"நானும் கூட வர்றேன்."

"எதுக்கு? இன்னும் என் மேல சந்தேகமா?"

"லேசா" என்றான் வெர்லின்.

"எனக்குந்தான்" என்றார் ஆர்வோ. "நான் இல்லாம நீ ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது." இருவரும் காபி குடிக்க வீட்டை நோக்கி நடந்தார்கள்.